நிறைகுடம் வைக்காத கடை

அத்தியாயம் 6

பிள்ளையார் கோயில் தேர்த் திருவிழா அன்று பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் ஒளிந்திருக்கும் ஒருவனைப் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால், அவர் ஒன்று விவரம் இல்லாதவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் என் முதலாளியாக இருக்க வேண்டும். கார் து நோர் ரயில் நிலையப் பக்கமிருந்தும் மெத்ரோ வாசலிலிருந்தும் சனம் வந்தபடியே இருந்தது. திரான்சி, கார்ஜ், பியர்ஃபித் என்று புறநகர்களில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் பட்டுடுத்திக்கொண்டு அன்றைக்குப் பாரிசுக்குள் இறங்கியிருந்தன. நாங்கள் ஒரு சர்பத் பந்தலின் ஓரத்தில் நின்று எதிரே இருந்த மளிகைக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“இந்தக் கூட்டத்துல நம்ம ஆளைக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள என்னை யாராவது கண்டுபிடிக்க வேண்டியதாயிடும், மதாம்,” என்றேன்.

“சர்பத்தைக் குடியும் அர்னோ. வாய் கொஞ்சம் ஓய்ஞ்சு இருக்கட்டும்,” என்றார் கோசலை.

இடையில் புத்தகத்தைத் திறந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. கோசலை யாழ்ப்பாணத்துக்காரர். பாரிஸ் நீதிமன்றங்களில் பல வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். ஊரார் சொன்ன பொய்களைப் பிரெஞ்சில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஒரு முடிதிருத்தும் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் திறந்தார். நான் பாண்டிச்சேரிக்காரன், ஞானஸ்நானம் பெற்றவன், முன்பு டாக்சி ஓட்டினேன். இப்போது அவருக்கு உதவியாளர். உதவி என்றால் பெரும்பாலும் பேச்சு.

வழக்கு இதுதான். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு நாடு. பெயரை எழுத வேண்டாம் என்று எங்கள் வக்கீல் சொல்லியிருக்கிறார். அங்கே ரயில் நாட்டினுடையது, தண்டவாளம் நாட்டினுடையது, ஸ்டேஷன் மாஸ்டரின் தொப்பியில் இருக்கும் சின்னமும் நாட்டினுடையது. ஓட்டுவது மட்டும் பாரிசில் தலைமையகம் வைத்திருக்கும் திரான்ஸ்லித்தோரால் என்ற தனியார் கம்பெனி. கனிமம் ஏற்றிய சரக்கு ரயில்தான் அவர்களுக்குப் பெரிய வீட்டு மாப்பிள்ளை. மனிதர்கள் ஏறுகிற ரயில், மிச்சமிருக்கும் பெட்டிகளோடு, மிச்சமிருக்கும் நேரத்தில் போகும்.

போன மாதக் கடைசியில் அந்தப் பயணிகள் ரயில் மலையிறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் ஓடி, ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் இருந்த வளைவில் கவிழ்ந்தது. நிறையப் பேர் இறந்தார்கள். பெட்டிகள் ஓடத் தகுதியானவை என்று சொன்னது பெட்டிப் பராமரிப்புப் பொறியாளர்தான், விபத்து நடந்த அன்றே அவர் தலைமறைவாகிவிட்டார் என்று கம்பெனி அறிக்கை விட்டது. அந்தப் பொறியாளர் கார்ஜில் வீடு வைத்திருக்கும் நம் ஐங்கரன்.

அவருடைய மனைவி நிரோஜினி எங்களிடம் வந்தபோது அழவில்லை. ஐந்து மாதக் கர்ப்பிணி. நேராக உட்கார்ந்து, விபத்துக்கு முதல் நாள் இரவு புருஷன் தொலைபேசியில் சொன்னதை அப்படியே சொன்னார். “அந்தப் பெட்டியளை விடமாட்டன், தலை போனாலும் விடமாட்டன் எண்டவர். அப்பிடிச் சொன்ன மனுசன் ஏன் அக்கா ஓட வேணும்?” பிறகு கைபேசியைக் காட்டினார். விபத்துக்குப் பிறகு ஐங்கரனின் எண்ணிலிருந்து குறுஞ்செய்திகள் வந்துகொண்டிருந்தன. நான் சுகம், கொஞ்ச நாளைக்குக் கதைக்க ஏலாது, ஒருத்தருக்கும் சொல்லாதை.

இதில்தான் பெரிய கண்ணி இருந்தது. விபத்தைப் பற்றிப் பாரிசிலும் விசாரணை நடந்தது. மறுநாள் திங்கட்கிழமை காலை நிரோஜினி நீதிபதி முன்னால் சாட்சி சொல்ல வேண்டும். கம்பெனி வக்கீல் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். உங்கள் கணவர் உயிரோடு இருக்கிறாரா, உங்களோடு தொடர்பில் இருக்கிறாரா? நிரோஜினி பொய் சொல்லத் தெரியாத பெண். ஆமாம் என்பார். அந்த ஒரு ஆமாமில் ஐங்கரன் ஓடிப்போன குற்றவாளி ஆகிவிடுவார், கம்பெனி கையைக் கழுவிவிடும். அதற்கு முன்னால் ஆளைக் கண்டுபிடித்து, அவர் வாயாலேயே நடந்ததைச் சொல்ல வைக்க வேண்டும். எங்களுக்கு மிச்சமிருந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

எதிரே இருந்த கடை ஐங்கரனின் அண்ணன் ஜெயரட்ணத்தினுடையது. தாய் தகப்பன் இல்லாத தம்பியைச் சிறு வயதிலேயே பாரிசுக்குக் கூப்பிட்டு, படிக்க வைத்து, பொறியாளர் ஆக்கியவர். தம்பி ஒளிவதென்றால் வேறு எங்கே ஒளிவான்?

“மதாம், அந்தத் தெருவைப் பாருங்க,” என்றேன். “நகைக் கடை வாசல்ல மேசை போட்டு நிறைகுடம். சேலைக் கடை வாசல்ல நிறைகுடம். மொபைல் கடைக்காரன்கூட குத்துவிளக்கு ஏத்தி வச்சிருக்கான். எல்லார் வாசல்லயும் உடைக்கிறதுக்குத் தேங்காய் குவிஞ்சிருக்கு. நம்ம ஜெயரட்ணம் கடை வாசல்ல மட்டும் பாருங்க, பெருக்கின குப்பைதான் இருக்கு.”

“பாத்தனான்,” என்றார் கோசலை.

“பயம். நிறைகுடம் வச்சா தேர் நிக்கும், ஐயர் இறங்குவாரு, கூட்டம் கடைக்குள்ள எட்டிப் பாக்கும். உள்ளே தம்பி இருந்தா அது வேண்டாமே.”

ஜெயரட்ணம் கடைக்குப் பக்கத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த றொமேஷ் சர்பத் வாங்க வந்தார். அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஒரு முடிதிருத்துபவரிடம் துப்பு இல்லையென்றால் அந்தத் தெருவில் குற்றமே நடக்கவில்லை என்று அர்த்தம்.

“ஜெயரட்ணத்தாரோ?” றொமேஷ் குரலைத் தாழ்த்தினார். “ஒவ்வொரு வருசமும் இந்த வீதியிலை ஆகக்கூடத் தேங்காய் உடைக்கிறது அவர்தான். இந்த முறை ஒண்டும் இல்லை. கேட்டால் நாரிப் பிடிப்பாம், இடுப்பை வளைக்க ஏலாதாம். ஆனால் சனம் வேறை கதை கதைக்குது.”

“என்ன கதை?”

“கோயில் நிர்வாகத்தோடை கொழுவலாம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் கோயிலுக்கு வராவிட்டால் ஊர் முதலில் நினைப்பது இதைத்தான். கடவுளோடு கோபித்துக்கொள்பவன் அங்கே கிடையாது, நிர்வாகத்தோடு கோபித்துக்கொள்பவன்தான் உண்டு. கோசலை சிரிக்கவில்லை.

“ஆரோடை கொழுவல் எண்டு சொல்லினமோ?” என்று கேட்டார்.

“அதுதான் ஒருத்தருக்கும் தெரியேல்லை அக்கா.”

றொமேஷ் போனதும் கோசலை என் பக்கம் திரும்பினார். “கோயில் சண்டை எண்டால் ஆள் பேர் இல்லாமல் இருக்காது அர்னோ. தலைவரோ, பொருளாளரோ, ஆரெண்டாலும் ஒருத்தற்றை பேர் அடிபடும். இது சண்டை இல்லை.”

ஜெயரட்ணம் கடையில் கல்லாவில் இருப்பது துஷாந்தி. வன்னியிலிருந்து வந்து அதிக காலம் ஆகவில்லை. நாங்கள் பயறும் சர்க்கரையும் வாங்குகிற சாக்கில் உள்ளே போனோம். முதலாளி கடையின் பின்கோடியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாழைக்குலைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அறுபது வயது, பருத்த உடம்பு, திரும்பியபோது சவரம் செய்யாத முகம். பக்கத்துக் கடைச் சிறுமி ஒருத்தி நிறைகுடத்துக்கு வாழைப்பழம் கேட்டு வந்தாள். தன் கையால் எடுத்துக் கொடுக்காமல், “துஷாந்தி, நீ எடுத்துக் குடு,” என்றார்.

நாரிப் பிடிப்பு இருப்பவர் ஒரு முழுக் குலையைத் தூக்கி மேல் தட்டில் வைத்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். கோசலையின் காலை மெல்ல மிதித்தேன். அவர் என் காலைப் பலமாக மிதித்தார்.

ஜெயரட்ணம் வாசலுக்குப் போனதும் கோசலை துஷாந்தியிடம் கதைத்தார். அவர் கேட்கிற விதத்தில் விசாரணை இருக்காது, அடுத்த வீட்டு அக்கறைதான் இருக்கும்.

“பாவம் பிள்ளை, தேருக்கும் விடுமுறை இல்லையோ?”

“அண்ணை தேர் கிட்ட வந்தோண்ண என்னைப் போகச் சொன்னவர். தான் கடையைப் பாக்கிறாராம்.”

“அவர் வரேல்லையோ?”

“இல்லை அக்கா. அவருக்கு இப்ப மனம் சரியில்லை. கொஞ்ச நாளா அப்பிடித்தான். சுவிசுக்குச் சாமான் எடுக்கப் போட்டு வந்த நாளிலையிருந்து.”

“சாப்பாடு தண்ணி?”

துஷாந்தி தயங்கினாள். வாசலைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். “மேலை எங்களோடை சாப்பிட மாட்டார். விடிய வந்தோண்ண தேத்தண்ணி ஊத்திக்கொண்டு கீழை காவுக்கை போவார். மத்தியானம் சோறும் மரக்கறியும் கீழை கொண்டு போவார். எங்களை ஒருத்தரையும் கீழை விடமாட்டார். சாமான் எடுக்கிறதெண்டாலும் தானே போய் எடுத்துத் தருவார்.”

காவ் என்றால் இங்கே கடைகளுக்கு அடியில் இருக்கும் நிலவறை. எனக்கு உள்ளே ஒரு வெடி வெடித்தது. தம்பி கீழே, சாப்பாடு கீழே, காவல் மேலே. இதற்கு மேல் துப்பு வேண்டுமென்றால் ஐங்கரனே வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

“அந்தத் தேத்தண்ணிக் கோப்பை எப்பிடித் திரும்பி வரும்?” என்று கோசலை கேட்டார்.

இது என்ன கேள்வி என்று நான் பார்த்தேன். துஷாந்திக்கும் அப்படித்தான் இருந்தது.

“நிரம்பினபடிதான் வரும். ஏடு படிஞ்சு கிடக்கும். நான்தான் ஊத்திக் கழுவிறனான். சோறும் அப்பிடித்தான், தொட்ட மாதிரியே இருக்காது.”

“கீழே இருக்கிற ஆளுக்குப் பசி இல்லைபோல,” என்றேன். “இல்லைன்னா உங்க முதலாளிக்குச் சமைக்கத் தெரியாது.”

கோசலை என்னைக் கண்டுகொள்ளவில்லை. “கீழை இறங்கேக்கை செருப்போடையோ போறவர்?” என்று கேட்டார்.

“இல்லை அக்கா. படியடியிலை கழட்டிப்போட்டுத்தான் இறங்குவார்.” துஷாந்தி கொஞ்சம் யோசித்தாள். “காவ் ஒரே ஊத்தை. ஏன் வெறுங்காலோடை போறார் எண்டு எனக்கும் விளங்கேல்லை.”

கோசலை சர்க்கரைப் பையை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார். முகம் மாறியிருந்தது. எத்தனையோ வழக்குகளில் அவரோடு நின்றிருக்கிறேன். துப்புக் கிடைத்தால் அவர் கண்ணில் ஒரு துள்ளல் வரும். அன்றைக்கு அது வரவில்லை.

“என்ன மதாம், ஆள் கிடைச்சாச்சு. இறங்கிப் பிடிச்சா முடிஞ்சது,” என்றேன்.

“நிரோஜினிக்கு வந்த மெசேஜுகள் உம்மட்டை இருக்கல்லோ? கடைசியா வந்ததுகளை வாசியும்.”

வாசித்தேன். கோயில் குளம் எண்டு திரியாதை, வீட்டிலை இரு. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகாதை, உடம்பைப் பார். தேருக்குப் போகாதை, சனத்துக்கை இடிபடுவாய்.

“பொண்டாட்டி மேல அக்கறை. அதோட, கோயில்ல யாராவது பின்னாலயே வருவாங்கன்னு பயம்,” என்றேன்.

“வேலைக்குப் போகாதை எண்டு எழுதியிருக்கோ? சந்தைக்குப் போகாதை எண்டு? ரயிலிலை ஏறாதை எண்டு?”

இல்லை. கோயில் மட்டும்தான்.

“பிள்ளையாருக்கு நேர்த்தி வைச்சுப் பிறந்ததாலைதான் அவனுக்கு ஐங்கரன் எண்டு பேர் வைச்சதாம். நிரோஜினி சொன்னவள். அப்பிடிப்பட்டவன் ஆபத்திலை இருக்கேக்கை மனுசியைக் கோயிலுக்குப் போய்க் கும்பிடு எண்டு சொல்லுவானோ, போகாதை எண்டு சொல்லுவானோ?”

எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நான் மாதா கோயில் பிள்ளை.

“இப்ப நேரம் என்ன?” என்று கேட்டார்.

“தேர் முனைக்கு வந்தாச்சு. ஏன்?”

“நிரோஜினி அர்ச்சனைத் தட்டோடை வந்துகொண்டிருப்பாள்.” கோசலை நெற்றியைத் தேய்த்தார். “நான்தான் வரச் சொன்னனான். அவளைத் தேரடியிலை கண்டால் புருஷன் ஒளிப்பிடத்திலையிருந்து வெளியிலை வருவான் எண்டு நினைச்சன். அவளுக்கு ஃபோன் எடும். வரவேண்டாம் எண்டு சொல்லும்.”

அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தவில் சத்தத்தில் எந்தக் கைப்பையில் எந்த ஃபோன் கேட்கும்?

தேர் தெருவுக்குள் திரும்பியது. வடம் பிடித்தவர்களின் ‘அரோகரா’ இரண்டு பக்கக் கட்டடங்களிலும் மோதியது. கடை வாசல்களில் தேங்காய்கள் உடையத் தொடங்கின. நாங்கள் பார்க்கிற இடத்தில் ஜெயரட்ணம் தன் கடை வாசற்படியில் நின்றார். தேருக்கு முன்னால் வந்த ஒரு பெரியவர் திருநீற்றுத் தட்டை ஒவ்வொரு கடைக்காரரிடமும் நீட்டிக்கொண்டு வந்தார். நகைக் கடைக்காரர் பூசிக்கொண்டார். றொமேஷ் பூசிக்கொண்டார். தட்டு தன்னிடம் வருவதற்குள் ஜெயரட்ணம் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கடைக்குள் பின்வாங்கினார். கண்கள் தேரிலேயே இருந்தன. அந்த முகத்தில் கோபம் இல்லை. பந்திக்குக் கூப்பிடாத பிள்ளையின் முகம் அது.

துஷாந்தி தேர் பார்க்க வெளியே ஓடி வந்தாள். “வாரும்,” என்றார் கோசலை.

ஜெயரட்ணம் வாசலைப் பார்த்தபடி நின்றதால் நான் பக்கக் கதவால் நுழைந்து படியில் இறங்க முடிந்தது. ஒரு கையில் ஃபோன் வெளிச்சம், மற்றக் கையில் தற்காப்புக்கு ஒரு பெரிய கத்தரிக்காய்; அவசரத்தில் கைக்கு அகப்பட்டது அதுதான். ஐங்கரனைப் பார்த்ததும் சொல்வதற்கு ஒரு வசனம்கூட வைத்திருந்தேன்.

அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் மங்கலாக வெளிச்சம் தெரிந்தது. சுற்றிக்கொண்டு போனேன்.

கூட்டித் துடைத்த ஒரு மூலை. கவிழ்த்து வைத்த மரப்பெட்டிமேல் வெள்ளைத் துணி. அதன்மேல் ஒரு சின்ன விளக்கு, ஒரு செம்பில் தண்ணீர், ஆறிப்போன தேநீர், வாழையிலைத் துண்டில் சோறு. பக்கத்தில் ஒரு கண் உடைந்த மூக்குக் கண்ணாடி. சுவரில் சாய்த்து வைத்த படத்தில் ஐங்கரன் சிரித்துக்கொண்டிருந்தார். படத்துக்கு மாலை போட்டிருந்தது.

கத்தரிக்காயைக் கீழே வைத்தேன். மாதா கோயில் பிள்ளைக்கும் அது விளங்கியது. வைத்திருந்த வசனத்தை நினைத்து எனக்கு அவமானமாக இருந்தது.

பின்னால் கோசலை வந்து நின்றார். அவருக்குப் பின்னால் ஜெயரட்ணம் வெறுங்காலோடு இறங்கி வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். அவர் திரியைத் தூண்டிவிட்டு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார்.

“துடக்கு எண்டு எப்ப கண்டுபிடிச்சனீங்கள் தங்கச்சி?” என்று கேட்டார்.

“தேத்தண்ணி திரும்பி வருது எண்டு கேட்டோண்ண,” என்றார் கோசலை. “உயிரோடை இருக்கிறவனுக்குக் கொண்டு போனால் கோப்பை வெறுமையா வரும். செருப்பையும் கழட்டுறீங்கள் எண்டவள். ஒளிச்சிருக்கிற தம்பிக்கு ஆரண்ணை செருப்புக் கழட்டுறது?”

துடக்கு என்றால் எங்கள் ஊரில் தீட்டு என்போம். வீட்டில் சாவு விழுந்தால் அந்த இரத்தக்காரர் முப்பத்தொரு நாளும் கோயிலுக்குப் போக மாட்டார்கள், நிறைகுடம் வைக்க மாட்டார்கள், திருநீற்றுத் தட்டைத் தொட மாட்டார்கள். மனிதர் போலீசுக்குப் பொய் சொன்னார். ஊருக்குச் சொன்னார். தம்பி பெண்சாதிக்குத் தம்பியின் ஃபோனிலிருந்தே சொன்னார். பிள்ளையாருக்கு மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை.

“சுவிசுக்குப் போகேல்லை நான்,” என்றார் ஜெயரட்ணம். “கம்பெனிக்காரர் என்னை ரயில் கவிண்ட இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவை. ஆளை அடையாளம் காட்ட. பெட்டியளை விடமாட்டன் எண்டு விடிய மட்டும் சண்டை பிடிச்சவனாம். இவங்கள் வேறை ஆளை வைச்சுப் பெட்டியளை எஞ்சினோடை கொழுவி அனுப்பிப்போட்டாங்கள். நிப்பாட்ட ஏலாமல் போகவும் கடைசிப் பெட்டியிலை ஓடிப்போய் ஏறினவனாம். கைப் பிறேக்காவது பிடிப்பம் எண்டு. அங்கை வேலை செய்யிற கறுப்புப் பெடியன் ஒருத்தன் அழுதழுது சொன்னவன். அந்தக் கைப் பிறேக்குச் சக்கரத்தைப் பிடிச்ச பிடியிலைதான் தம்பி கிடந்தவனாம்.”

“எங்கை இப்ப?”

“பேரில்லாத ஆக்களோடை சேர்த்துத் தாட்டுப்போட்டினம். எந்தக் குழி எண்டு எனக்குத் தெரியும். தலைமாட்டிலை கல்லு வைச்சிட்டு வந்தனான்.”

“பிறகேன் அண்ணை இந்த மெசேஜுகள்?” கோசலையின் குரல் முதன்முறையாக உயர்ந்தது. “அவன் செத்திட்டான் எண்டால், அவன் ஏன் அந்த ரயிலிலை இருந்தவன் எண்டு நீதிபதி கேப்பார். பிறேக் பிடிக்காது எண்டு தெரிஞ்சவன் ஏன் ஏறினவன், ஆர் பெட்டியைக் கொழுவினது எண்டு கேப்பார். ஓடிப்போனவன் எண்டால் ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம். இது உங்களுக்கு விளங்கேல்லையோ?”

“விளங்கினது. நிரோஜினிக்கு அதிர்ச்சி கூடாது எண்டு அவைதான் சொன்னவை. பிள்ளை பிறக்கட்டும், பிறகு மரியாதையா அறிவிப்பம் எண்டவை. இப்ப வெளியிலை விட்டால் செத்த ஆக்களின்ரை சொந்தக்காரர் முழுக்க அவள் மேலை வழக்குப் போடுவினம், வீட்டையும் பறிப்பினம் எண்டவை. அவன்ரை ஃபோனைத் திறந்து என்ரை கையிலை தந்து, முதல் மெசேஜிலை என்ன எழுத வேணும் எண்டும் தாங்களே சொல்லித் தந்தவை.”

“நம்பினீங்களோ?”

ஜெயரட்ணம் படத்தைப் பார்த்தார். “நம்பேல்லை. பயந்தன். கோட் சூட்டுப் போட்டவன் மெதுவாக் கதைச்சால் எனக்கு இப்பவும் பயம்தான்.”

எனக்கு அந்த ஆள்மேல் கோபம் வர வேண்டும். வரவில்லை. தம்பிக்குச் சோறு வைத்துவிட்டு மேலே வந்து தம்பியாக மாறிக் குறுஞ்செய்தி எழுதியிருக்கிறார். எந்த நீதிபதியும் இதைவிடப் பெரிய தண்டனை கொடுக்க முடியாது.

“நாளைக்கு அவள் கோட்டிலை போய், என்ரை புருஷன் உயிரோடை இருக்கிறார் எண்டு சத்தியம் பண்ணிச் சொல்லப் போறாள்,” என்றார் கோசலை. “அவனைப் பெத்த பிள்ளை மாதிரி வளர்த்த நீங்கள், அவன்ரை மனுசியின்ரை வாயாலையே அவனைக் கள்ளனாக்கப் போறீங்கள். நீங்கள் சொல்லுறீங்களோ, நான் சொல்லட்டோ?”

“பிள்ளைத்தாச்சி, தங்கச்சி. என்னெண்டு சொல்லுறது? எந்த வாயாலை சொல்லுறது? வீட்டை போய், ஆறுதலா, நாளைக்கு விடிய...”

“அவள் வீட்டிலை இல்லை அண்ணை. தேரடியிலை நிக்கிறாள். அவன்ரை பேருக்கு அர்ச்சனை செய்ய.”

ஜெயரட்ணம் எழுந்தார். இந்தப் பருத்த மனிதர் அந்தக் குறுகிய படியில் ஏறிய வேகத்தை நான் பார்த்திருக்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். செருப்பை அவர் போடவில்லை. நாங்கள் மேலே வருவதற்குள் கடையைத் திறந்தபடி விட்டுவிட்டுத் தெருவில் இறங்கியிருந்தார்.

தெரு முழுக்கச் சிதறின தேங்காய். ஓடும்போது ஓடுகள் குத்தியிருக்கும், அவர் குனிந்து பார்க்கவில்லை. தேர் சேலைக் கடை வாசலில் நின்றிருந்தது. நிரோஜினி பச்சைச் சேலையில் கூட்டத்துக்கு நடுவே நின்று, ஒரு கையால் வயிற்றைக் காத்துக்கொண்டு, மற்றக் கையால் தட்டை உயர்த்திக்கொண்டிருந்தார். மேலேயிருந்த ஐயர் குனிந்து காதைக் கொடுத்தார்.

“ஐங்கரன்,” என்றார் நிரோஜினி. “பூரட்டாதி நட்சத்திரம்.”

தட்டு ஐயரின் கைக்குப் போகிற நேரம் ஜெயரட்ணம் நிரோஜினியின் முழங்கையைப் பிடித்தார்.

“குடாதை பிள்ளை. இஞ்சாலை வா. தேருக்குக் கிட்ட நிக்காதை.”

நிரோஜினி திடுக்கிட்டுத் திரும்பினார். “என்ன அண்ணை? கால் எல்லாம் ரத்தம்.”

“துடக்கு பிள்ளை.”

“ஆருக்கு?”

“எனக்கு.”

“உங்களுக்கோ? உங்கடை ஆக்கள் ஆர்...” என்று தொடங்கிய நிரோஜினி பாதியில் நிறுத்தினார்.

ஜெயரட்ணத்துக்கு இந்த உலகத்தில் இருந்த இரத்த உறவு ஒன்றே ஒன்று. அதை நிரோஜினியைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. கோசலை அவருக்குப் பின்னால் போய் நின்றார், விழுந்தால் தாங்க. நானும் போய் நின்றேன்.

“உனக்கும்தான் பிள்ளை,” என்றார் ஜெயரட்ணம்.

மேலேயிருந்து ஐயர், நட்சத்திரம் சரியாகக் கேட்கவில்லை, இன்னொருமுறை சொல்லச் சொன்னார். நிரோஜினி தட்டை மெதுவாகக் கீழே இறக்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

“எங்கை?” என்றார்.

“அந்த ரயிலுக்குள்ளை. கடைசிப் பெட்டியிலை. பிறேக் பிடிக்கப் போனவன்.”

“அப்ப ஓடேல்லையோ?”

“இல்லை பிள்ளை. ஓடேல்லை. ஏறினவன்.”

நிரோஜினியின் முகம் உடைந்தது. எங்கள் அலுவலகத்தில் அழாத பெண், தெருவோரத்தில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். கோசலை பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய முதுகைத் தடவினார். ஜெயரட்ணம் தள்ளி நின்று இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். சுற்றி நின்ற சனம் பிள்ளைத்தாச்சிக்கு மயக்கம் என்று நினைத்து வழிவிட்டது. யாரோ மோர் கொண்டு வந்தார்கள்.

தேர் நகர்ந்து தூரமாகப் போன பிறகு நிரோஜினி தலையை நிமிர்த்தினார். கண்ணைத் துடைக்கவில்லை.

“நீங்களும் வாறீங்கள் அண்ணை,” என்றார். “நாளைக்குக் கோட்டுக்கு. எந்தக் குழி எண்டு நீங்கள் சொல்லுங்கோ. அவர் ஓடேல்லை எண்டு நான் சொல்லுறன்.”